காய் இரண்டு மடங்கு, அட்வான்ஸ் மூன்று மடங்கு

கேள்வி: கம்பமெட்டு பக்கம் எங்கள் குடும்பம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் நடத்துகிறது. கணக்குக்காக பிஎச்பி மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்து நானே ஒரு வெப் பக்கம் எழுதினேன். தோட்டக்காரர், பச்சைக்காய் வரவு, அட்வான்ஸ் என்று மூன்று டேபிள். ஒருவர் 40, 55, 30 கிலோ என மூன்று முறை காய் இறக்கினார். 5,000, 3,000 என இரண்டு முறை பணம் வாங்கினார். மூன்று டேபிளையும் ஜாயின் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, கூட்டினால் காய் 250 கிலோ, அட்வான்ஸ் 24,000 என்று வருகிறது. கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எண்ணச் சொல்வது) போட்டதும் சரியாகிவிட்டது. அப்படியே விடலாமா?
- வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: விடாதீர்கள் அம்மா. அவரே அடுத்த மாதம் இன்னொரு 3,000 வாங்கட்டும், டிஸ்டிங்க்ட் இரண்டு மூவாயிரத்தையும் ஒன்றாக எண்ணி ஒன்றை விழுங்கிவிடும். நஷ்டம் ஸ்டோருக்கு. இரண்டு நாள் 40 கிலோவே இறக்கினால் நஷ்டம் அவருக்கு.

இதே தப்பை நானும் செய்தவன்தான். கம்பத்தில் ஒரு ஸ்டோருக்கு முதல் புரோகிராம் எழுதிக் கொடுத்தபோது ஒரு பெரியவர் மடியிலிருந்து சிட்டையை எடுத்து விரித்தார். "ஏம்ப்பா, எஞ் சிட்டையில ஒரு கணக்கு, ஒம் பொட்டியில ஒரு கணக்கா?" என்றார். சிட்டைதான் சரி.

காய் வரவுக்கும் அட்வான்ஸுக்கும் நேரடி உறவு கிடையாது. இரண்டும் தோட்டக்காரரோடு மட்டும்தான் சேரும். மூன்றையும் ஒரே மூச்சில் ஜாயின் செய்தால் ஒவ்வொரு காய் வரியும் ஒவ்வொரு அட்வான்ஸ் வரியோடும் ஜோடி சேர்ந்து 3 பெருக்கல் 2, ஆறு வரியாகிவிடும். காய் ஒவ்வொன்றும் இரண்டு தடவை, பணம் ஒவ்வொன்றும் மூன்று தடவை வரும். ஆள் வாரியாகப் பிரிக்கும் குரூப் பை வருவது அதற்குப் பிறகுதான். பெருகிப் போனதைத்தான் அது கூட்டுகிறது.

ஆகவே ஜாயினுக்கு முன்னாலேயே கூட்டிவிடுங்கள். காய் வரவை மட்டும் தோட்டக்காரர் எண் வாரியாகக் கூட்ட ஒரு உள்குவரி (பெரிய குவரிக்குள் அடங்கும் சின்னக் குவரி), அட்வான்ஸுக்கு இன்னொன்று. இரண்டிலும் ஆளுக்கு ஒரு வரிதான் மிஞ்சும். பிறகு தோட்டக்காரர் டேபிளை இடப்பக்கம் வைத்து இரண்டையும் லெஃப்ட் ஜாயினில் சேருங்கள், இடப்பக்கத்து ஆள் யாரும் விடுபட மாட்டார். 125 கிலோ, 8,000 என்று வரும். பணம் வாங்காதவருக்கு நல் (NULL, மதிப்பே இல்லாத வெற்றிடம்) வரும், கோஅலெஸ் (COALESCE) போட்டுச் சுழியமாக்குங்கள். இல்லாவிட்டால் அட்வான்ஸைக் கழிக்கும்போது விடை முழுவதும் நல் ஆகிவிடும். மைஎஸ்கியூஎல் 8.0 இருந்தால் உள்குவரிகளுக்குப் பெயர் வைத்து வித் (WITH) போட்டு மேலே எழுதலாம், படிக்கச் சுலபம்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று சிலர் பிஎச்பியில் லூப் போட்டு ஆளுக்கு இரண்டு குவரி அனுப்புவார்கள். கணக்கு தப்பாது. ஆனால் 200 பேருக்கு 401 குவரி! சீசனில் வாசலில் ஜீப் வரிசை நிற்கும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டேபிளை இன்னோடிபியில் (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு முறை) ஃபாரின் கீ, அதாவது தோட்டக்காரர் டேபிளோடு பிணைக்கும் கட்டு, போட்டு உருவாக்கியிருந்தால் தோட்டக்காரர் எண்ணுக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) தானாகவே இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாறினால் நீங்களேதான் போட வேண்டும்.

சீசன் தேதி நிபந்தனையை உள்குவரிக்குள்ளேயே வையுங்கள். லெஃப்ட் ஜாயின் முடிந்தபின் வெளியே நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் அட்வான்ஸ் தேதியை ஒப்பிட்டால், நல் இருக்கும் வரியெல்லாம் உதிர்ந்துவிடும். கைநீட்டிக் காசு வாங்காத ஆளுக்குச் சீட்டே அச்சாகாது.