பட்டாளமும் பங்க் இசையும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனேன். கண்ணிவெடி அகற்றும் வேலை. ஓய்வுக்குப் பின் மறுபடியும் அல்சூர்தான். பள்ளி நாட்களில் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் வீட்டுக்கு லண்டனிலிருந்து கேசட் வரும். ரமோன்ஸ், தி கிளாஷ் என்று பங்க் ராக் குழுக்கள் எல்லாம் அங்கே கேட்டதுதான். பட்டாளத்துக்குப் போனதும் விட்டுப்போயிற்று. இப்போது மகள் போனில் தேடித் தந்தாள், தினமும் கேட்கிறேன். அன்று வார்த்தை பாதி புரியாது. இன்று புரிகிறது, அதுதான் சிக்கல். பல பாட்டுகள் போரையும் ராணுவத்தையும் திட்டுகின்றன. கூட இருந்தவர்களைப் பறிகொடுத்தவன், பென்ஷன் வாங்குகிறவன், இதை ரசிப்பது துரோகமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

துரோகம் இல்லை. தாராளமாகக் கேளுங்கள்.

அந்தப் பாட்டுகள் யாரைத் திட்டுகின்றன என்று கொஞ்சம் கவனியுங்கள். கிளாஷின் 'தி கால் அப்', அமெரிக்க இளைஞர்கள் கட்டாயப் படைச்சேர்ப்புக்குப் பெயர் பதிய வேண்டும் என்று அறிவிக்கப்பட்ட 1980-ல் வந்தது. அமெரிக்க மரைன் வீரர்களின் அணிவகுப்புக் கோஷத்தோடுதான் தொடங்கும். அதன் கோபமெல்லாம் அனுப்புகிறவர்கள் மேல். 1982-ல் வந்த 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' இன்னும் ஆழமானது. அதில் ஒரு பகுதி, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. கத்தலே இல்லாத, நிதானமான பாட்டு. படை திரும்பிய பிறகு அந்த மண்ணில் என்ன மிஞ்சியது என்று கேட்கும் பாட்டை, திரும்பி வந்த படைவீரர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

ரமோன்ஸின் டீ டீ ஒரு அமெரிக்கச் சிப்பாயின் மகன், ஜெர்மனியில் வளர்ந்தவர். பாட்டுக்கு முன்னால் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று அவர் கத்துவதைக் கேட்டால் உங்களுக்குப் பரேடு மைதானம் நினைவுக்கு வரலாம்.

உங்கள் விஷயத்தில் இந்த இசைக்கு வேலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நீங்கள் போனது தமிழ் பேசும் ஊருக்கு. சோதனைக்கு நுழைந்த வீட்டில் ஒரு ஆச்சி அழுதிருந்தால், ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குப் புரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற பஞ்சாபி வீரருக்கு அந்தச் சங்கடம் இருந்திருக்காது. அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவருக்கும் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் அமைதிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பேச இடமில்லாமல் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். உங்கள் கோபத்தை யாரும் கேட்கவில்லை. அதைக் கூச்சமில்லாமல் உரக்கச் சொல்கிற இசை சின்ன வயதிலேயே உங்களுக்குக் கிடைத்தது பெரிய கொடுப்பினை.

அப்புறம், காது. நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு ஈட்டுத்தொகை வழங்கப்படும் பாதிப்புகளில் முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். வெடியோடு வேலை பார்த்தவர் நீங்கள். இயர்போனை விட்டுவிட்டு ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். 'ஙொய்' என்று இரைச்சல் இருந்தால் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் காட்டுங்கள். பாட்டு கேட்ட இரவுகளில் தூக்கம் கெட்டாலோ பழைய காட்சிகள் துரத்தினாலோ நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது. தயங்க வேண்டாம்.

மகள்தான் தேடித் தந்தாள் என்றீர்கள். 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டை அவளோடு சேர்ந்து ஒருமுறை கேளுங்கள். வியட்நாமைப் பற்றிக் கேட்பாள், அடுத்து யாழ்ப்பாணத்தைப் பற்றியும் கேட்பாள். சொல்ல முடிந்ததைச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள், பெயர் இல்லாமலே வெளியிடுகிறேன்.