கொதித்தது 94-இல், கொப்பியில் 100

கேள்வி: நுவரெலியாவில் தரம் 10-க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் சேர். தண்ணீரின் கொதிநிலையைப் பிள்ளைகளையே அளக்க விட்டேன். வெப்பமானி 94 பாகையில் நின்றுவிட்டது. ஆனால் எல்லாக் குழுக்களும் கொப்பியில் 100 என்று எழுதியிருந்தன. காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகவா? சாதாரண தரப் பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டுமே.
- ஓர் ஆசிரியை

பதில்: சொல்லிவிடாதீர்கள் டீச்சர். கொழும்பில் படிப்பிப்பவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது. அங்கே வெப்பமானியும் புத்தகமும் ஒன்றையே சொல்லும்.

முதலில், 94 என்று எழுதினாலும் புள்ளி உண்டு என்று வகுப்பில் அறிவியுங்கள். புத்தக விடைக்கு மட்டும் சரி போட்டுப் பழக்கியது நாம்தானே. அப்புறம் "ஏன் குறைந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம்!

ஒருவன் வெப்பமானி பழுது என்பான். சரி, அதை எப்படிச் சோதிப்பது என்று அவனிடமே கேளுங்கள். உருகும் ஐஸில் வைத்து 0 காட்டினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். இன்னொருத்தி குழாய்த் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்பாள். உப்பைக் கரைத்துக் கொதிக்க வைக்கட்டும். கொதிநிலை கூடுமே தவிரக் குறையாது. நெருப்புப் போதவில்லை என்பவனுக்கு அடுப்பைக் கூட்டிவிடுங்கள். ஆவி அதிகம் வரும், பாகை ஏறாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகுதான் யாராவது மலையைப் பற்றி யோசிப்பார்கள். யோசிக்காவிட்டால், தோட்டத்து லய வீட்டில் பருப்பு அவிய எவ்வளவு நேரம், கொழும்பில் இருக்கும் அக்கா வீட்டில் எவ்வளவு நேரம் என்று விசாரித்து வரச் சொல்லுங்கள்.

உயரம் கூடக் கூட வளிமண்டல அமுக்கம் குறையும், அதோடு கொதிநிலையும் இறங்கும். சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். அங்கே எத்தனை பாகை வரும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் பிள்ளையிடம் வெப்பமானியைக் கொடுத்து அனுப்புங்கள். உடைந்து வந்தால் ஏசாதீர்கள்.

பரீட்சையில் 100 என்றே எழுதட்டும், "நியம வளிமண்டல அமுக்கத்தில்" என்பதையும் சேர்த்து. நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தவணைக்கு ஒரு பரிசோதனையை இப்படிச் செய்தால் போதும். மற்றதை வழக்கம்போல நடத்துங்கள்.

கேள்வி: ஊசலில் பாரமான கல்லைக் கட்டினால் வேகமாக ஆடுமா?
- தரம் 9 மாணவன், பண்டாரவளை

பதில்: சொல்ல மாட்டேன் தம்பி. ஒரு சின்னக் கல், ஒரு பெரிய கல், கொஞ்சம் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளத்தைக் கல்லின் நடுவரை அளந்து, இரண்டுக்கும் ஒரே அளவாக வையுங்கள். ஒரு தடவை ஆடும் நேரத்தை அளந்தால் கை பிந்திவிடும். 20 தடவை ஆட எடுக்கும் நேரத்தை அளந்து 20-ஆல் வகுங்கள். கல்லை மட்டும் மாற்றிப் பார்த்த பிறகு நூலை மட்டும் மாற்றுங்கள். வந்த எண்களை எனக்கு எழுதுங்கள், எதிர்பார்த்தது எதுவென்றும் சேர்த்து.