முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் விவாதிக்கும்போது கதை ஏன் சண்டையாகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறேன். மீனவர் பிரச்சினை, கரண்ட் பில், ஊர் வீதி என்று இணையத்தில் எதைப் பற்றிக் கதைத்தாலும் பத்தாவது பதிலில் சண்டையாகிவிடுகிறது. முன்பின் தெரியாதவர்களோடு எப்படி விவாதிப்பது?

பதில்:

பத்தாவது பதிலில் வெடிக்கிற சண்டைக்குத் திரி பெரும்பாலும் முதலாவது பதிலிலேயே கொளுத்தப்பட்டுவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே சொல்லை எழுதுகிறார்கள். ஆளுக்கொரு பொருளை நினைத்துக்கொள்கிறார்கள். அதைச் சரிப்படுத்தாமல் ஆதாரம் தேடி ஓடிப் பயனில்லை.

மீனவர் பிரச்சினையையே எடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் "எங்கள் மீனவர்களை ஏன் பிடிக்கிறீர்கள்" என்கிறார். இங்கிருந்து ஒருவர் "எங்கள் வலையை ஏன் அறுக்கிறீர்கள்" என்கிறார். அவர் மனதில் இருப்பது கூலிக்குப் போய்ச் சிறைப்பட்ட தொழிலாளி. இவர் மனதில் இருப்பது இழுவைமடி. நாங்கள் றோலர் என்போம், அவர்கள் விசைப்படகு என்பார்கள். விசைப்படகு என்ற சொல்லில் இயந்திரம் தெரியும், மடி தெரியாது. ஆகவே "நான் கதைப்பது ஆட்களைப் பற்றியல்ல, இழுவைமடியைப் பற்றி" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள்: பை போன்ற வலை பாரத்தோடு கடலடியில் இழுபடும்போது குஞ்சும் கடற்புல்லும் சேர்த்து வாரப்படும், சிறுவள்ளக்காரர் இரவில் போட்டுவைத்த வலையும் அதோடு போய்விடும். இதை விளக்கினால் மறுபக்கத்தில் பாதிப்பேர் நிதானமாகிவிடுவார்கள்.

பிறகு ஆண்டுகள் வரும். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயணப் பத்திரம் இல்லாமல் கச்சதீவுக்கு வந்துபோகலாம் என்பது 1974 உடன்படிக்கையில் இருக்கிறது. ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதில்லை என்பது 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. ஒருவர் முதலாவதைக் காட்டுவார், மற்றவர் இரண்டாவதை. இருவரும் உண்மை சொல்லியே பொய்யர் பட்டம் வாங்குவார்கள். எந்த ஆண்டு ஆவணம் என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். "உங்கள் ஊரிலும் றோலர் இருந்ததுதானே" என்று கட்டாயம் வரும். இருந்தது, குருநகரில் இருந்தது. ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால்தான் "2017இல் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தபோது எங்கள் ஆட்களும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டி வந்தது" என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும்.

எண்களிலும் இதே வில்லங்கம்தான். "1981இல் யாழ் மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர், 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர்" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. இரண்டு எண்களும் அரசின் குடிசனக் கணக்கெடுப்பில் இருப்பவைதான், ஆனால் நிலம் ஒன்றல்ல. கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1981 எண்ணில் அதுவும் அடக்கம். அதைக் கழித்தால் 1981 யாழ்ப்பாணம் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். இழப்பு அப்போதும் மிகப் பெரியது, ஆனால் மிகைப்படுத்திய எண்ணைப் போட்டால் எதிராளி அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழு இழப்பையும் மறுத்துவிடுவார். எங்களுக்கு நடந்ததைச் சரியான எண்ணோடு சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுடையது. இன்னொன்று: 2001இல் இங்கே முழுமையான கணக்கெடுப்பு நடக்கவில்லை. அந்த ஆண்டுக்கு யாராவது யாழ் எண் தந்தால் அது மதிப்பீடு. யார் மதிப்பிட்டது என்று கேளுங்கள்.

கரண்ட் பில் கதை இதைவிடச் சுலபம். தொகையை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். எத்தனை அலகு, எத்தனை நாளுக்கு என்ற இரண்டையும் கேளுங்கள். வீட்டு இணைப்பில் மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண வீதமே வேறாகிவிடும். 59 அலகுக்காரரும் 62 அலகுக்காரரும் பில்லை ஒப்பிட்டால் ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்றுதான் நினைப்பார்.

வீதி விடயத்தில் முதலில் அது யாருடைய வீதி என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்ச ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கோ நகர, மாநகர சபைக்கோ உரியவை. தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "வீதி ஏன் திருத்தவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கம்தான் வரும். "இன்ன வீதிக்கு இன்ன ஆண்டு ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, ஒப்பந்தப் பிரதி" என்று பதிவேட்டில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன்பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம். ஒரு மாதம் பொறுத்தால், நூறு பேர் ஊகித்த விடயத்துக்கு உங்கள் கையில் கடிதம் இருக்கும்.

விளிப்பதில் கவனம் தேவை. எங்கள் "நீர்", "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் நடுவிலான அன்பான சொல். சென்னைக்காரருக்கு அது நக்கல் போலக் கேட்கும். "பேசினார்" என்றால் இங்கே ஏசினார், அங்கே கதைத்தார். வயது தெரியாதவரைத் தம்பி என்று கூப்பிட்டால் அவரைச் சிறுவராக்கியதாகவே எடுத்துக்கொள்வார். எல்லாரையும் நீங்கள் என்றே எழுதுங்கள், எதிராளி ஒருமைக்கு இறங்கினாலும்.

வட்ஸ்அப்பில் வந்ததை ஆதாரமாகப் போடுவதற்கு முன் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறைந்தது 5 கை மாறி வந்திருக்கிறது, முதலில் அனுப்பியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. கார்த்திகை, மார்கழி மழைக்கு வரும் வெள்ளப் படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். பழைய வெள்ளம் திரும்பத் திரும்ப வரும். படத்தைப் பெரிதாக்கிக் கடைப் பலகையையும் வாகன இலக்கத் தகட்டையும் பாருங்கள். இலங்கை வாகனத்துக்கு முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள்.

ஒரு விடயத்தில் மூன்று பதிலுக்கு மேல் எழுதாதீர்கள். முதலாவதில் சொல்லின் பொருள், இரண்டாவதில் ஆதாரம், மூன்றாவதில் எதிராளி சொன்னதில் எது சரி, எதில் உடன்பாடில்லை. அதற்குமேல் எழுதினால் வாசிப்பவர்கள் போய்விடுவார்கள், நீங்கள் இருவர்தான் மிஞ்சுவீர்கள். உண்மையில் நீங்கள் எழுதுவது எதிராளிக்கல்ல, பதில் போடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு.

வெளிநாட்டில் இருந்துகொண்டு "பயப்படாமல் எழுது" என்று உசுப்புகிறவருக்கு இங்குள்ள சட்டம் பொருட்டல்ல, உங்களுக்கு அப்படியல்ல. இனம், மதம் சார்ந்த வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளையும் பிடிக்கும். அலுவலகத்தின் செயலை விமர்சியுங்கள். ஒரு சமூகத்தைப் பற்றி "இவர்கள் எல்லாரும்" என்று தொடங்கும் வசனத்தை அழித்துவிடுங்கள்.

நீங்கள் போட்ட எண் பிழை என்று யாராவது காட்டினால் பதிவை அழிக்க வேண்டாம். அழித்தால் கீழே இருக்கும் பதில்களும் சேர்ந்து போய்விடும், உங்கள் பழைய எண்ணின் ஸ்கிரீன்ஷொட் மட்டும் உலவும். அதே பதிவின் முதல் வரியில் "திருத்தம்" என்று போட்டு, பழைய எண், புதிய எண், சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, இந்த மூன்றையும் எழுதுங்கள்.