வாசகர் கேள்விகள்: பந்தயத்தில் சிக்கிய சிவசமுத்திரம்

"சிவசமுத்திரம்தான் ஆசியாவிலேயே முதல் நீர்மின் நிலையம் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். நான் இல்லை என்கிறேன். பந்தயம் ஒரு பிளேட் பிரியாணி. யார் சொல்வது சரி?"
– ஒரு வாசகர், ஓசூர்

பிரியாணி உங்களுக்குத்தான். ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கேயாகே நிலையம் 1891-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு தூரம் ஏன், நம் டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங் 1897-ல் வந்தது. சிவசமுத்திரம் 1902 ஜூன் கடைசியில்தான்.

ஆனால் மாமனாரை ரொம்பச் சீண்டாதீர்கள். சித்ராபோங்கில் மொத்தமே 130 கிலோவாட், உள்ளூர் விளக்குக்குச் சரியாகப் போயிற்று. சிவசமுத்திரத்தில் முதலில் வைத்த ஆறு ஜெனரேட்டர்களே தலைக்கு 720 கிலோவாட். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கரண்ட் பக்கத்தில் இருந்த மைசூருக்குப் போகாமல், 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அவ்வளவு நீளமான மின்பாதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். திட்டத்தை முன்னால் தள்ளிய மைசூர் திவான் சேஷாத்ரி ஐயருக்கு அதைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, 1901-லேயே காலமாகிவிட்டார்.

அருவிக்கு மேலேயே காவிரி ஆற்றைக் கால்வாயில் திருப்பி, மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்களில் சுமார் 400 அடி கீழே இறக்கி, அந்த வேகத்தில் டர்பைனைச் சுற்றவைத்தார்கள். அப்போது ஓடியது 25 சைக்கிள் கரண்ட், அதாவது நொடிக்கு 25 அலை, இப்போது நம் வீட்டில் வருவதில் சரிபாதி. மோட்டாருக்கு அது பரவாயில்லை, பல்பை உற்றுப் பார்த்தால்தான் லேசாகத் துடிக்கும்.

சிக்கல் கோடையில் வந்தது. காவிரி வற்றினால் டர்பைன் படுத்துவிடும், ஆனால் தமிழர்கள் ஏராளமாக வேலை பார்த்த அந்தச் சுரங்கங்களுக்கு வருஷம் முழுக்க கரண்ட் வேண்டும். 1911-ல் கண்ணம்பாடி அணை (கிருஷ்ணராஜசாகர்) வேலை ஆரம்பித்ததற்கு இதுவும் முக்கியமான காரணம், பாசனம் மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அணையை எதிர்த்துச் சென்னை மாகாணம் மல்லுக்கு நின்றதும், 1924 காவிரி ஒப்பந்தமும் அப்புறம் வந்த கதை.

"அப்படியானால் ஆசியாவில் முதலில் மின்விளக்கு எரிந்த தெரு பெங்களூரு என்பது?"
– அதே வாசகர்

அதுவும் இல்லை. பெங்களூருக்குத் தெருவிளக்கு வந்தது 1905 ஆகஸ்ட் 5-ல், இதே சிவசமுத்திரம் கரண்டில். ஷாங்காயில் 1882-லேயே எரிந்துவிட்டது. இதற்கும் பந்தயம் கட்டியிருந்தால் மாமனாரிடம் ஒரு சிக்கன் 65 சேர்த்துக் கேளுங்கள்.