பிறந்த ஆண்டு வைன் 600 யூரோவுக்கா?

கேள்வி: பாரிசில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். எங்கள் முதலாளி கடையை விட்டு ஓய்வெடுக்கப் போகிறார். பிறந்தது 1961. வேலை செய்கிற நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 600 யூரோ சேர்த்திருக்கிறோம். இணையத்தில் ஒருவர் 1961 ஷாத்தோ லத்தூர் வைன் போத்தல் ஒன்றை அதே விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். தாத்தாவின் நிலவறையில் கிடந்ததாம். படத்தில் லேபிள் புத்தம் புதிதாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் புத்தம் புது லேபிளே போதும், விலகி வந்துவிடலாம். நல்ல நிலவறை ஈரமாக இருக்கும். ஈரம் தக்கையைக் காக்கும், லேபிளைக் கெடுக்கும். அறுபது வருடம் அங்கே கிடந்த காகிதத்தில் கறையோ பூஞ்சணமோ இல்லை என்றால், ஒன்று போத்தல் அங்கே கிடக்கவில்லை, அல்லது லேபிள் அவ்வளவு பழையதில்லை.

வைனின் மட்டத்தையும் பாருங்கள். தக்கை வழியே வைன் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். இந்த வயதுப் போத்தலில் மட்டம் கழுத்தை விட்டுத் தோள் பக்கம் இறங்கியிருப்பது இயல்பு. கழுத்து நிறைய நின்றால் தக்கை எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். தோளின் பாதிக்குக் கீழே போயிருந்தால் உள்ளே இருப்பது அநேகமாகக் கெட்டுப்போன வைன்.

விலையைச் சொல்லவே வேண்டாம். லத்தூர், போர்தோ வட்டார வைன் தோட்டங்களுக்கு 1855-இல் போட்ட தரவரிசையில் முதல் வரிசையில் இடம்பெற்ற தோட்டம். போயாக் ஊரின் தெற்கு ஓரத்தில், ஜிரோந்த் ஆற்றை ஒட்டிய சரளைக்கல் மேடு. மாளிகையைச் சுற்றி ‘லாங்க்ளோ’ என்று அழைக்கப்படும் சுமார் 47 ஹெக்டேர் நிலம்தான் அதன் உயிர். சரளையில் தண்ணீர் தேங்காது, வேர் ஆழம் போகும். அகன்ற ஆறு உறைபனியைத் தணிக்கும். ஆற்றைப் பார்க்கும் கொடியே நல்ல கொடி என்று போயாக் அடங்கிய மெடோக் பகுதியில் சொல்வது சும்மா இல்லை. 1961-இல் மே மாத உறைபனி போர்தோ முழுக்க விளைச்சலைச் சுருக்கிவிட்டது. மிஞ்சிய கொஞ்சப் பழத்தில் சாறு அடர்ந்தது. அந்த ஆண்டு லத்தூர் ஏலத்தில் ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகும். அதை 600-க்குத் தருகிறவர் ஒன்று அப்பாவி, இல்லை கெட்டிக்காரர். அப்பாவி என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. ரூடி குர்னியவான் என்பவர் தன் வீட்டிலேயே மலிவு வைன்களைக் கலந்து, பழைய போத்தல்களில் நிரப்பி, லேபிள் ஒட்டிப் பெரும் பணக்காரர்களிடம் விற்றார். 2013-இல் நியூயார்க்கில் குற்றம் நிரூபணமாகி, அடுத்த ஆண்டு பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பணத்தை எங்கே போடலாம்? லத்தூரின் இரண்டாம் வைன், அதாவது அதே தோட்டம் தன் முதன்மை வைனுக்கு அடுத்த தரத்தில் தருவது, ‘லே ஃபோர் த லத்தூர்’. 2005 போன்ற நல்ல ஆண்டுப் போத்தல் உங்கள் தொகைக்குள் அடங்கும். 2012-இல் இந்தத் தோட்டம் முன்விற்பனையை, அதாவது போத்தலில் அடைக்கும் முன்பே வைனை விற்பதை, விட்டுவிட்டது. குடிக்கப் பக்குவமான பிறகே தன் நிலவறையிலிருந்து வெளியே விடுகிறது. அப்படி வந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏலத்தில் எடுப்பதானால் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிகிற விலைக்கு, மேல் கமிஷனும் உண்டு, கணக்கில் வையுங்கள்.

1961 என்ற எண்தான் முக்கியம் என்றால் தெற்குப் பிரான்சின் ரூசியோன் பக்கத்து ரிவ்சால்ட் இனிப்பு வைனைத் தேடுங்கள். காற்றுப் பட்டே முதிர்ந்த வைன் அது, ஆண்டுகளை எளிதில் தாங்கும், விலையும் பயமுறுத்தாது. நானாக இருந்தால் இதைத்தான் வாங்குவேன்.

எதை வாங்கினாலும் விருந்து நாள் வரை அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். லே ஃபோர் வாங்கினால் இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் படியட்டும். ஊற்றுவதை முதலாளியிடமே விட்டுவிடுங்கள். அவருக்கு அது கைவந்த வேலை.