கோடிங் கான்டெஸ்ட்ல (கணக்கு குடுத்து புரோகிராம் எழுதிப் போடச் சொல்ற போட்டி) லாங், ஷார்ட்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

ஷார்ட்னா சில மணி நேரத்துல முடிஞ்சிரும், லாங்னா நாள் கணக்குல ஓடும், அவ்ளோதான் மேலோட்டமா. கோட்ஃபோர்சஸ்ங்கிற வெப்சைட்ல நடக்குற ரவுண்டு பெரும்பாலும் 2 மணி நேரம், காலேஜ் பசங்களுக்கான உலகப் போட்டியான ஐசிபிசி 5 மணி நேரம், ஆனா கோட்செஃப்ங்கிற வெப்சைட் மாசா மாசம் நடத்திட்டிருந்த லாங் சேலஞ்ச் 10 நாள்!

ஏன் ரெண்டு வகைன்னா சோதிக்கிற விஷயமே வேற. ஷார்ட்ல ஏற்கனவே தலைக்குள்ள இருக்கிறதை எவ்ளோ சீக்கிரம் தப்பில்லாம எடுத்து வைக்கிறீங்கன்னு பாப்பாங்க, ஐசிபிசில தப்பா ஒரு தடவை சப்மிட் பண்ணிட்டு அப்புறம் அந்த கணக்கை போட்டாலும் 20 நிமிஷம் பெனால்டி ஏறிரும். லாங்ல தெரியாத ஒண்ணை தேடிப் படிச்சு, ராத்திரி தூங்கி எழுந்து, காலைல வேற மாதிரி யோசிச்சுக்கூட போடலாம். ஜப்பான்ல அட்கோடர்ங்கிற வெப்சைட் நடத்துற ஹியூரிஸ்டிக் போட்டில இதான் சரியான விடைன்னு ஒண்ணு கைக்கு எட்டவே எட்டாது, இருக்கிறதை மெருகேத்திக்கிட்டே போகணும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் (அதுல 4 மணி நேரத்துலயே முடியுறதும் உண்டு).

வீட்டுக்கு திடீர்னு ஆள் வந்தா கையில இருக்கிற ரவைய வச்சு உப்புமா கிண்டுறோம்ல, அது ஷார்ட். தீபாவளிக்கு அதிரச மாவு பிசைஞ்சு ரெண்டு நாள் ஊற வச்சு, ஒண்ணு சுட்டுப் பாத்து, பதம் சரியில்லைன்னா சரி பண்றது லாங்.

லாங்ல காப்பி அடிக்கிறவங்க தொல்லை ஜாஸ்திங்கிறது என்னமோ நிஜம்தான்.

அப்புறம், நேரம் நிறைய இருக்கிறதால லாங் ஈஸின்னு பலரும் நினைக்கிறாங்க, ஆனா அந்த நேரம் எல்லாருக்கும்தான் இருக்கு, அதுக்கேத்த மாதிரிதான் கணக்கையும் கஷ்டமா குடுப்பாங்க.