மிதித்துச் சம்பாதித்த பீர்

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

எனக்கு வயது 47. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி ஆசிரியை. ஒரே மகள், 13 வயது. எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள், முடிந்ததும் இரண்டு பீர். அவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை பேச்சு.

ஆறு வருஷத்துக்கு முன்பு ரத்த அழுத்தம் எகிறியபோது உடம்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். சைக்கிள் வாங்கினேன். முதல் நாள் நாலு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. இன்று 60 கிலோமீட்டர் அலட்டிக்கொள்ளாமல் போவேன். 91 கிலோ இருந்தவன் 78-க்கு வந்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். குழுவை ஆரம்பித்ததே நான்தான். யாருக்கு எந்த அளவு பிரேம் சரிவரும், சீட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும், பங்க்சரானால் டியூபை எப்படி மாற்றுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த நன்றி ஒருவருக்கும் இல்லை.

ரைடு முடிந்ததும் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பீர் குடிப்போம். முதுகில் வியர்வை காயாமல் இருக்கும்போதே சில்லென்ற டின்னைக் கழுத்தில் ஒரு உருட்டு உருட்டிவிட்டுத் திறந்து குடிக்கும் முதல் மடக்கு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து வருஷம் இப்படியே நன்றாகப் போனது. போன வருஷம் ஒரு இளைஞர் சேர்ந்தார். கையில் வாட்ச், வாட்சில் நாடித்துடிப்பு, எதற்கெடுத்தாலும் ஒரு அறிவுரை. அவர் வந்ததிலிருந்து ஒவ்வொருவராக மாறிவிட்டார்கள். இப்போது மாடியில் நான் மட்டும்தான் டின் திறக்கிறேன். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

மூன்று மாதம் முன்பு மாடியிலிருந்து கிளம்பி வீடு திரும்பும்போது, முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் என் முன்சக்கரம் உரசி இருவரும் விழுந்தோம். அவருக்கு முழங்கை சிராய்த்துவிட்டது. சாலையில் சல்லி கிடந்தது, அதனால் விழுந்தோம். ஆனால் பழி பீர் மேல். “குடிக்கிறதா இருந்தா சைக்கிளை இங்கேயே விட்டுட்டு ஆட்டோவில் போங்க” என்று சட்டம் போடுகிறார்கள். நான் என்ன காரா ஓட்டுகிறேன்? சைக்கிள்! என் காலால் மிதித்து நான் போகிறேன்.

வீட்டிலும் இதே கதைதான். கதவைத் திறந்ததும் மனைவி மோப்பம் பிடிக்கிறாள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு முடிந்தது என்று விசாரணை. கேட்டால், “எங்க அப்பாவும் ரெண்டுன்னுதான் ஆரம்பிச்சார்” என்பாள். அவர் குடித்தது வேறு, நான் குடிப்பது வேறு. 60 கிலோமீட்டர் மிதித்தால் 1,300 கலோரியாவது எரியும். அரை லிட்டர் பீர் இரண்டு குடித்தால் 430 வரும். நான் கணக்குப் பிரிவுக்காரன், எனக்குத் தெரியாதா? வரவைவிடச் செலவு குறைவு. இனாமாகக் குடிக்கவில்லை சகோதரி, மிதித்துச் சம்பாதித்துக் குடிக்கிறேன். ஜெர்மனியில் ‘ராட்லர்’ என்றே ஒரு பீர் பானம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கே சைக்கிள் ஓட்டுபவர் என்றுதான் அர்த்தம். அங்கே இதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

இந்த நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரு உதாரணம். போன மாதம் ஒரு ஞாயிறு, மழையால் ரைடு ரத்து என்று விடிவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. (அதை நான் வீட்டில் சொல்லவில்லை. எப்போதும்போல ஜெர்சி போட்டுக்கொண்டு கிளம்பி, பக்கத்துத் தெருவில் பாதியில் நிற்கும் ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்து, முந்தின நாளே வாங்கி வைத்திருந்ததைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினேன். வண்டி சுத்தமாக இருந்தால் கேள்வி வருமே என்று வாசலிலேயே சேற்றை அள்ளி இரண்டு சக்கரத்திலும் கொஞ்சம் தடவிவிட்டேன். மகள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.) நான் சொல்ல வந்தது என்னவென்றால், அன்று மழை விட்டதும் சாயங்காலம் மற்ற நாலு பேரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ரைடு போயிருக்கிறார்கள்! நான் இல்லாமல் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழுவே வைத்திருக்கிறார்கள். நான் ஆரம்பித்த குழுவிலிருந்து என்னையே கழற்றிவிட்டார்கள்.

இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? குழுவை விட்டு விலகிவிடலாமா? மனைவியின் சந்தேகத்தைத் தீர்க்க என்ன வழி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நண்பர்கள் மேல் கோபம், மனைவி மேல் கோபம், வாட்ச் கட்டிய இளைஞர் மேல் நிறையவே கோபம். எல்லாவற்றையும் சத்தமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, “அது வேறு விஷயம்” என்று தாண்டிவிட்டீர்கள். நான் அந்த இடத்தைத் தாண்டப் போவதில்லை.

கணக்கு தெரிந்தவர் என்பதால் கணக்காகவே கேட்கிறேன். அந்த மழை ஞாயிறு நீங்கள் மிதித்தது எவ்வளவு? பக்கத்துத் தெரு வரைக்கும். சம்பாதித்தது? ஒன்றுமில்லை. ஆனால் செலவு மட்டும் வழக்கம்போல நடந்திருக்கிறது. அதற்கான சரக்கும் முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. வரவே இல்லாத தேதியில் செலவை எழுதிவிட்டு, வரவு இருந்ததுபோல ஒரு ரசீதும் தயாரித்திருக்கிறீர்கள். சக்கரத்தில் தடவிய சேறுதான் அந்த ரசீது. உங்கள் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு வவுச்சரை நீட்டினால் என்ன செய்வீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் பீர் ரைடுக்குக் கிடைத்த பரிசாக இருந்திருக்கும், நம்புகிறேன். மாடியில் நாலு பேரோடு உட்கார்ந்து அந்த முதல் மடக்கைக் குடித்ததை நீங்கள் எழுதிய விதத்திலேயே அது தெரிகிறது. எப்போதோ அது தலைகீழாகிவிட்டது. பீருக்கு அனுமதி வாங்கித் தருவது சைக்கிளின் வேலையாகிவிட்டது. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நடந்ததால் எது எதை இழுக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. மழை வந்து சைக்கிளை மட்டும் எடுத்துவிட்டது. மிச்சம் என்ன நின்றது என்பதை நீங்களே பார்த்தீர்கள். பார்த்ததால்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். நண்பர்கள் கழற்றிவிட்டதற்காக மட்டும் யாரும் இவ்வளவு நீளக் கடிதம் எழுத மாட்டார்கள்.

உங்களைக் குடிநோயாளி என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை வைத்து அதைச் சொல்வது தப்பு. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. முதல் பத்தியில் ‘இரண்டு பீர்’ என்கிறீர்கள். மாடிக் காட்சியில் ‘ஆளுக்கொரு பீர்’ என்கிறீர்கள். அந்த இரண்டாவது டின் எப்போது வந்து சேர்ந்தது? அதையும் மாடியில்தான் குடித்தீர்களா? வார நாட்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? பதில்களை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நண்பர்கள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது, மன்னியுங்கள். 5 சதவீத பீர் அரை லிட்டரில் கிட்டத்தட்ட 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு குடித்தால் 40 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமாராக 7, 8 கிராம்தான் கழிக்கும். அதாவது ஒன்பதரை மணிக்குக் குடித்தது முழுதாக இறங்க மதியம் இரண்டரை, மூன்று ஆகிவிடும். ஆல்கஹால் முதலில் கைவைப்பது நிதானத்திலும் சமநிலையிலும்தான். காரில் நாலு சக்கரம் உங்களைத் தாங்கும். சைக்கிளில் உங்கள் சமநிலையை விட்டால் வேறு பிடிமானமே கிடையாது. “சைக்கிள்தானே” என்று கேட்கிறீர்கள், சைக்கிள் என்பதால்தான் அவர்கள் பயப்படுகிறார்கள். சல்லி கிடந்தது உண்மையாகவே இருக்கட்டும். அதே சல்லியைத் தாண்டித்தானே முன்னால் போனவரும் போனார்?

ஜெர்மனியைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அங்கே ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.3 பங்கு ஆல்கஹாலோடு சைக்கிளில் தள்ளாடினாலோ விபத்து நேர்ந்தாலோ வழக்கு வரும். உங்கள் எடைக்கு இரண்டு பீர் அந்த அளவைத் தாண்டிவிடும். 1.6 பங்கு இருந்தால் தள்ளாடாமல் ஓட்டினாலும் குற்றம்தான். ஜப்பானில் 2024 நவம்பர் முதல் லேசான போதையில் சைக்கிள் ஓட்டுவதற்கும் தண்டனை உண்டு. ராட்லரும் பாதிக்குப் பாதி எலுமிச்சை சோடா கலந்த பீர்தான். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1922-இல் மியூனிக் பக்கத்தில் ஒரு விடுதிக்குச் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வந்திறங்க, பீர் போதாமல் விடுதிக்காரர் சோடாவைக் கலந்து ஊற்றினாராம். கேட்டவர்களிடம், “நீங்கள் தள்ளாடாமல் வீடு போய்ச் சேரத்தான் இப்படிச் செய்தேன்” என்று சமாளித்தாராம். உங்கள் நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், சோடா இல்லாமல்.

அவர்கள் குடிக்காதே என்று சொல்லவில்லை, குடித்துவிட்டு ஓட்டாதே என்றுதான் சொன்னார்கள். சாயங்கால ரைடுக்கு உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது வலிக்கும், அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முழங்கை சிராய்த்தவருக்குத் தன் பின்னால் யார் வரலாம் என்று முடிவு செய்ய உரிமை இருக்கிறது.

உங்கள் மனைவியிடம் வருகிறேன். அவர் உங்கள் மேல் சந்தேகப்பட்டு மோப்பம் பிடிக்கிறார் என்கிறீர்கள். கதவு திறந்ததும் முகத்தைப் பார்ப்பது, வாசனையைப் பார்ப்பது, நடை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் அவர் சின்ன வயதில் தன் அப்பாவிடம் பழகிய வேலை. அப்பா ‘இரண்டு’ என்று ஆரம்பித்த வீட்டில் வளர்ந்த பெண் அந்த வேலையை மறக்க மாட்டார். இப்போது அதே வேலையை உங்கள் மகள் பழக ஆரம்பித்திருக்கிறாள். பால்கனியில் நின்ற குழந்தை அப்பா சேறு தடவுவதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்றோ, அவள் மறந்துவிட்டாள் என்றோ நீங்கள் நினைத்திருக்கலாம். 13 வயதில் யாரும் அதை மறக்க மாட்டார்கள். சொன்னால் வீட்டில் சண்டை வரும், சொல்லாவிட்டால் அம்மாவுக்குத் துரோகம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு மாதமாக நிற்கிறாள். நீங்கள் தடவிய சேற்றை அவள் சுமந்துகொண்டிருக்கிறாள்.

அதனால் முதல் காரியம் அவளோடுதான். தனியாக உட்கார வைத்து நீளமாகப் பேச வேண்டாம், குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள். சைக்கிளைக் கழுவும்போது கூப்பிடுங்கள். அன்று நான் ரைடு போகவில்லை, பொய் சொன்னேன், அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ மறைத்து வைக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். மழை, நண்பர்கள், கலோரி எதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள். அப்புறம் அன்றைக்கே மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் மகளிடம் இரண்டாவது பொய்யும் சொன்னதாகிவிடும்.

எந்த ரத்த அழுத்தத்துக்காக சைக்கிள் வாங்கினீர்களோ அதை மதுவும் ஏற்றும். கடைசியாக எப்போது அளந்து பார்த்தீர்கள்?

மற்றபடி சின்ன வேலைகள்தான். நாலு ஞாயிறு ரைடு மட்டும் போய்ப் பாருங்கள், தனியாகப் போனாலும் சரி. மாடி வேண்டாம், டின் வேண்டாம். மன உறுதியைக் காட்டுவதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. பீர் கிடையாது என்று தெரிந்த பிறகும் விடிகாலையில் எழுந்து ஹெல்மெட்டை மாட்டத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். தோன்றினால் உங்கள் சைக்கிள் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: குடிக்காத நாட்களில் கை நடுங்கினாலோ, காரணமில்லாமல் வியர்த்தாலோ, தூக்கம் வராமல் போனாலோ, நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அந்த நிலையில் நிறுத்துவதே ஆபத்தாகலாம், டாக்டரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது. பெயரே உங்களுக்குப் பிடிக்கும். எவ்வளவு குடிக்கிறீர்கள், நிறுத்த முடியாமல் போனதுண்டா, குற்ற உணர்வு வந்ததுண்டா, வீட்டில் யாராவது கவலைப்பட்டார்களா என்று நேரடியாகக் கேட்கும். மொத்தம் 40 மதிப்பெண். ஞாயிறு மட்டுமல்ல, வாரத்தின் ஏழு நாளையும் வைத்து நேர்மையாகப் போடுங்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் எனக்கு மறுபடி எழுதி நாளைக் கடத்தாமல் நேராக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழே வந்தால் எழுதுங்கள். குழுவை விட்டு விலகலாமா என்ற கேள்வியை அப்போது பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
சகோதரி